ஸ்விட்ச் போர்ட்டும் டிரான்ஸீவர் மாட்யூலும்: வேகம் ஒத்துப்போகுமா என்று பார்ப்பது எப்படி?

ஸ்விட்ச்சின் முகப்பில் வரிசையாக இருக்கும் எஸ்எஃப்பி என்ற வகைப் போர்ட் ஒன்றில், சிக்னலைக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பிப் பெறும் டிரான்ஸீவர் மாட்யூலைச் செருகினால் அது கிளிக் என்ற சத்தத்துடன் உட்கார்ந்துவிடுகிறது. நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருபவர்களில் பலர் அந்தச் சத்தத்தையே பொருத்தத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் எஸ்எஃப்பி, எஸ்எஃப்பி+, எஸ்எஃப்பி28 ஆகிய மூன்று வகைகளும் வெளி அளவில் ஒன்றுபோலவே செய்யப்பட்டவை. 1ஜி (நொடிக்கு 1 ஜிகாபிட்) மாட்யூல் 25ஜி போர்ட்டிலும், 25ஜி மாட்யூல் 1ஜி போர்ட்டிலும் எந்தத் தடையும் இல்லாமல் நுழையும். உள்ளே நுழைவது வேறு, லிங்க், அதாவது இரு முனைகளுக்கும் இடையே இணைப்பு, வருவது வேறு.

லிங்க் வர வேண்டுமானால் இந்தப் பக்கத்துப் போர்ட், அதில் செருகிய மாட்யூல், இடையில் ஓடும் கேபிள், அந்தப் பக்கத்து மாட்யூல், அது உட்கார்ந்திருக்கும் போர்ட் ஆகிய ஐந்தும் ஒரே வேகத்துக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். சாதாரண செம்பு லேன் கேபிளைச் செருகும்போது இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இரு முனைகளும் தங்களுக்குள் பேசி, இருவராலும் முடிந்த அதிகபட்ச வேகத்தைத் தாமே தேர்ந்துகொள்கின்றன. ஒளியிழையில் அப்படி வேகத்தைப் பேசி முடிவு செய்யும் ஏற்பாடு இல்லை. வாங்கும் முன்பே வேகத்தை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான். இந்தக் கட்டுரை அந்த முடிவை எந்த வரிசையில், எதையெதைப் பார்த்து எடுப்பது என்பதைச் சொல்கிறது.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வேகம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது ஒரு கேபிளின் இரு முனைகளுக்கு மட்டுமே பொருந்தும் விதி. நெட்வொர்க் முழுவதற்கும் அல்ல. ஒரே ஸ்விட்ச்சில் ஒரு போர்ட் 1ஜியிலும் பக்கத்துப் போர்ட் 10ஜியிலும் ஓடலாம். ஒன்றில் வந்த ஃபிரேமை (தரவுத் துண்டை) ஸ்விட்ச் தன் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) வாங்கி வைத்துக்கொண்டு, மற்றொன்றின் வேகத்தில் வெளியே அனுப்பிவிடும். ஆகவே சர்வர் 10ஜி, பயனரின் கணினி 1ஜி, இரண்டும் ஒன்றோடொன்று பேசுமா என்று கேட்டால், தாராளமாகப் பேசும்.

முதல் படி: போர்ட் எந்தெந்த வேகங்களில் ஓடும் என்று கண்டறியுங்கள்

பெயரிலிருந்து தொடங்கலாம். எஸ்எஃப்பி என்றால் பொதுவாக 1ஜி. எஸ்எஃப்பி+ என்றால் 10ஜி. எஸ்எஃப்பி28 என்றால் 25ஜி. கியூ என்ற எழுத்தோடு தொடங்கும் பெயர்கள் பொதுவாக நான்கு தடங்களை (தனித்தனி சிக்னல் பாதைகளை) ஒரே மாட்யூலுக்குள் வைத்திருப்பவை: கியூஎஸ்எஃப்பி+ நான்கு 10ஜி தடங்களைச் சேர்த்து 40ஜி தருகிறது, கியூஎஸ்எஃப்பி28 நான்கு 25ஜி தடங்களைச் சேர்த்து 100ஜி தருகிறது. இவை எஸ்எஃப்பி குடும்பத்தைவிட அகலமானவை என்பதால் ஒன்றை மற்றொன்றில் தவறாகச் செருக வழியில்லை.

புதிய போர்ட் பழைய மாட்யூலை ஏற்கும், பழைய போர்ட் புதிய மாட்யூலை ஏற்காது என்று ஒரு பொதுவிதி எல்லோர் வாயிலும் புழங்குகிறது. அதன் இரண்டாம் பாதியை நம்பலாம். 1ஜி மட்டுமே தெரிந்த போர்ட்டில் 10ஜி ஒளி மாட்யூலைச் செருகினால், அந்த மாட்யூலுக்குத் தேவையான வேகத்தில் சிக்னல் தர அந்தப் போர்ட்டால் இயலாது. அமைப்பை எப்படி மாற்றினாலும் பயன் இருக்காது. முதல் பாதிதான் ஆளை ஏமாற்றுவது. எஸ்எஃப்பி+ போர்ட்டுகளில் பெரும்பாலானவை 1ஜி மாட்யூலை ஏற்கின்றன, ஆனால் எல்லாம் அல்ல. எஸ்எஃப்பி28 போர்ட்டுகள் வழக்கமாக 10ஜியை ஏற்கின்றன. 1ஜி வரை இறங்குமா என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

இதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது. 1ஜி ஈத்தர்நெட் ஒளியிழையில் செல்லும்போது ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றி எழுதப்படுகிறது. அதனால் இழையில் உண்மையில் ஓடுவது 1.25 ஜிகாபாட், அதாவது நொடிக்கு 125 கோடி துடிப்புகள். 10ஜியில் முறை வேறு: 64 பிட்டுக்கு 66 பிட் என்ற கணக்கில் எழுதப்படுவதால் இழையில் 10.3125 ஜிகாபாட் ஓடுகிறது. 25ஜியும் அதே 64-66 முறையைப் பின்பற்றி 25.78125 ஜிகாபாட்டில் ஓடுகிறது. ஆக, 10ஜி போர்ட் 1ஜிக்கு இறங்குவது என்பது அதே வேலையை மெதுவாகச் செய்வது அல்ல. கடிகார வேகம், எழுத்து முறை இரண்டையும் மாற்றிக்கொண்டு வேறொரு வேலையைச் செய்வது. அந்த இரண்டாவது வேலையைச் செய்யும் சுற்றை ஸ்விட்ச்சின் சிப்பில் வைத்திருந்தால் மட்டுமே அது நடக்கும். வைக்கவில்லை என்றால் எந்தக் கட்டளையாலும் அதை வரவழைக்க முடியாது.

எனவே டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) போர்ட்டைப் பற்றிய வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 1/10ஜி எஸ்எஃப்பி+ என்று எழுதியிருப்பதும் 10ஜி எஸ்எஃப்பி+ என்று மட்டும் எழுதியிருப்பதும் ஒன்றல்ல. அதே பக்கத்தின் அடிக்குறிப்புகளையும் தவறவிடாதீர்கள், ஏனெனில் போர்ட் குழு பற்றிய நிபந்தனை அங்கேதான் ஒளிந்திருக்கும். பல 25ஜி ஸ்விட்ச்சுகளில் அடுத்தடுத்த நான்கு போர்ட்டுகள் ஒரு குழுவாக இயங்குகின்றன. அந்த நான்கில் ஒன்றை 10ஜிக்கு மாற்றினால் மற்ற மூன்றும் 10ஜிக்கே வந்தாக வேண்டும். இதை அறியாமல், 25ஜியில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குப் பக்கத்துப் போர்ட்டில் 10ஜி மாட்யூலைச் செருகி வேகத்தை மாற்றினால், ஒன்று அந்த மாற்றம் ஏற்கப்படாது, அல்லது சர்வரின் லிங்க் அறுந்துபோகும். பழைய 10ஜி கருவிகளைப் புதிய ஸ்விட்ச்சுக்கு மாற்றும்போது, அவற்றையெல்லாம் ஒரே குழுவில் அடுத்தடுத்து வைத்துவிட வேண்டும் என்பதை முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

இரண்டாம் படி: மாட்யூலின் வேகத்தை உறுதி செய்யுங்கள்

ஒளி மாட்யூல்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு வேகத்துக்கென்று செய்யப்பட்டவை. 10ஜிபேஸ்-எஸ்ஆர் மாட்யூல் 10ஜியில் ஓடும். அதை 1ஜி போர்ட்டோடு பேச வைக்க எண்ணாதீர்கள். 1ஜி, 10ஜி இரண்டிலும் ஓடும் இரட்டை வேக மாட்யூல்கள் தனியே விற்கப்படுகின்றன. அவற்றின் விவரத்தில் இரண்டு வேகங்களும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். எழுதப்படவில்லை என்றால் ஒரே வேகம் என்றே கொள்ளுங்கள்.

25ஜி மாட்யூலில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அதனுள்ளே வரும் சிக்னலின் கடிகாரத்தைப் பிடித்து, சிக்னலைச் சீர்செய்து அனுப்பும் ஒரு சுற்று இருக்கிறது. அந்தச் சுற்று 25ஜிக்கு மட்டுமே பூட்டிக்கொள்ளும்படி செய்யப்பட்டிருந்தால், 10ஜி சிக்னலை அது சரியாகக் கடத்தாது. ஆகவே எஸ்எஃப்பி28 மாட்யூலை எஸ்எஃப்பி+ போர்ட்டில் செருகி 10ஜியில் ஓட்ட நினைப்பவர்கள், 10/25ஜி இரட்டை வேகம் என்று குறிப்பிட்டிருக்கும் மாட்யூலையே வாங்க வேண்டும். எதிர்த்திசையில், 10ஜி மாட்யூலை 25ஜி போர்ட்டில் செருகுவது, போர்ட்டை 10ஜிக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலும் சிக்கலின்றி நடக்கும்.

மேலே ஒட்டிய லேபிள் கிழிந்துவிட்டால் என்ன செய்வது? பழைய பெட்டியிலிருந்து எடுத்த மாட்யூல்களில் இது அடிக்கடி நேர்வது. கவலைப்பட வேண்டாம்; ஒவ்வொரு மாட்யூலும் தன் விவரத்தை ஈப்ராம் என்ற சிறிய நினைவகத்தில் எழுதி வைத்திருக்கிறது. லினக்ஸ் சர்வராக இருந்தால் ஈத்டூல் நிரலிடம் மாட்யூல் விவரத்தைக் கேட்கலாம். ஸ்விட்ச்சாக இருந்தால் டிரான்ஸீவர் விவரம் காட்டும் கட்டளையைக் கொடுக்கலாம். தயாரிப்பாளர் பெயர், பாக எண், அலைநீளம், கேபிள் நீளம் ஆகியவற்றோடு சிக்னல் வேகமும் அதில் வரும். எஸ்எஃப்பி குடும்பத்தில் இந்த வேகம் நினைவகத்தின் 12ஆம் பைட்டில், 100 மெகாபாட்டை ஓர் அலகாகக் கொண்டு எழுதப்படுகிறது. 1ஜி மாட்யூலில் அங்கே வழக்கமாக 13 என்று இருக்கும், அதாவது 1.25 ஜிகாபாட்டை மேல்நோக்கி முழுமையாக்கிய 1,300 மெகாபாட். 10ஜி மாட்யூலில் 103 இருக்கும், 10,300 மெகாபாட். 25ஜிக்கு வரும்போது ஒரு பைட்டில் அந்த எண் அடங்காது என்பதால் 12ஆம் பைட்டில் 255 என்று எழுதிவிட்டு, உண்மையான வேகத்தை 66ஆம் பைட்டில் 250 மெகாபாட் அலகில் எழுதுகிறார்கள். அங்கும் 103 என்றே வரும், ஆனால் அதன் பொருள் 25,750 மெகாபாட். திரையில் பெயர் எப்படி வந்தாலும், இந்த எண்ணைப் பார்த்தால் கையில் இருப்பது எந்த வேகத்து மாட்யூல் என்பது தெரிந்துவிடும்.

இந்த நினைவகத்துக்கு இன்னொரு பங்கும் உண்டு. ஒளியிழைப் போர்ட்டில் வேகத்தை ஆட்டோ என்று வைத்தால், பல ஸ்விட்ச்சுகள் செய்வது மறுமுனையோடு பேசுவதல்ல. செருகப்பட்ட மாட்யூலின் ஈப்ராமைப் படித்து, அதில் எழுதியிருக்கும் வேகத்துக்குப் போர்ட்டை மாற்றுவதுதான். மறுமுனையில் என்ன இருக்கிறது என்பது அந்த ஸ்விட்ச்சுக்குத் தெரியாது. இரட்டை வேக மாட்யூலைச் செருகிவிட்டு ஆட்டோவை நம்பியிருப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: மாட்யூல் 10ஜி என்று அறிவிக்கும், போர்ட் 10ஜிக்குப் போய்விடும், மறுமுனையோ 1ஜியில் காத்திருக்கும். இப்படிப்பட்ட இடங்களில் வேகத்தைக் கையால் எழுதிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

தயாரிப்பாளர் பூட்டு பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சில ஸ்விட்ச்சுகள் ஈப்ராமில் தங்கள் நிறுவனத்தின் குறியீடு இல்லாத மாட்யூலைக் கண்டால் போர்ட்டையே முடக்கிவிடும். இது வேகப் பிரச்சினை அல்ல, ஆனால் வெளியே பார்ப்பதற்கு அப்படியே இருக்கும். ஸ்விட்ச்சின் லாகில் ஆதரிக்கப்படாத டிரான்ஸீவர் என்ற செய்தி இருந்தால் வேகத்தைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த ஸ்விட்ச்சுக்கென்று குறியீடு எழுதப்பட்ட மாட்யூலைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: மறுமுனையையும் கேபிளையும் சேர்த்துப் பாருங்கள்

இரு முனைகளிலும் மாட்யூலின் வடிவம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒளித் தரம், அதாவது 10ஜிபேஸ்-எஸ்ஆர் போல வேகத்தையும் ஒளியின் வகையையும் சேர்த்துச் சொல்லும் பெயர், ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு முனையில் பழைய எக்ஸ்எஃப்பி வடிவத்தில் 10ஜிபேஸ்-எல்ஆர், மறுமுனையில் எஸ்எஃப்பி+ வடிவத்தில் 10ஜிபேஸ்-எல்ஆர் என்றால் இரண்டும் நன்றாகப் பேசும். மாறாக, வடிவமும் அலைநீளமும் கேபிளும் ஒன்றாக இருந்து வேகம் மட்டும் மாறினால் பேச்சு நடக்காது.

மிக அதிகமாக ஏமாற்றும் இணையை மட்டும் விரிவாகப் பார்ப்போம். 1ஜிக்கான 1000பேஸ்-எஸ்எக்ஸ், 10ஜிக்கான 10ஜிபேஸ்-எஸ்ஆர் ஆகிய இரண்டும் 850 நானோமீட்டர் ஒளியைப் பயன்படுத்துகின்றன. இரண்டும் குறுகிய தூரத்துக்கான மல்டிமோட் வகை இழையில் ஓடுகின்றன. இரண்டிலும் ஒரே எல்சி கனெக்டர். ஒரு முனையில் எஸ்எக்ஸ், மறுமுனையில் எஸ்ஆர் வைத்து இணைத்துவிட்டு ஒளி அளவைப் பார்த்தால், இரு பக்கமும் நல்ல ஒளி வந்துகொண்டிருப்பதாகவே திரை காட்டும். கேபிள் சரி, கனெக்டர் சரி, லேசர் சரி. ஆனால் லிங்க் வராது, ஏனென்றால் ஒரு முனை நொடிக்கு 125 கோடி துடிப்புகளை எதிர்பார்க்கிறது, மறுமுனை ஆயிரம் கோடிக்கும் மேல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. நெடுந்தூரத்துக்கான சிங்கிள் மோட் வகை இழையில் 1310 நானோமீட்டரில் ஓடும் 1000பேஸ்-எல்எக்ஸ், 10ஜிபேஸ்-எல்ஆர் இணைக்கும் இதே கதைதான். ஒளி இருப்பதைப் பார்த்துவிட்டுப் பொருத்தம் இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

வேகம் கூடும்போது கேபிளின் எட்டும் தூரம் குறையும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மல்டிமோட்டில் இது கடுமையாகத் தெரியும். எஸ்எக்ஸ் ஓடும்போது 550 மீட்டர் வரை தாங்கிய ஓஎம்2 வகை இழை, எஸ்ஆருக்கு மாறியதும் 82 மீட்டரோடு நின்றுவிடும். ஓஎம்3 இழையில் எஸ்ஆர் 300 மீட்டரும், ஓஎம்4 இழையில் 400 மீட்டரும் செல்லும். ஸ்விட்ச்சையும் மாட்யூலையும் 10ஜிக்கு மாற்றிவிட்டுச் சுவருக்குள் கிடக்கும் பழைய இழையை மறந்துவிடுவது பெரிய செலவில் கொண்டுபோய் விடும். கேபிளின் உறையில் அச்சிட்டிருக்கும் வகையைப் படித்துக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே மாட்யூலுக்கு ஆர்டர் கொடுங்கள்.

நான்காம் படி: வேகத்தையும் அதோடு சேர்ந்த அமைப்புகளையும் இரு முனைகளிலும் எழுதுங்கள்

1ஜி ஒளியிழையில் இரு முனைகளும் தாமே பேசி முடிவு செய்யும் ஆட்டோ நெகோஷியேஷன் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது டூப்ளெக்ஸ் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்புவதா என்பது), ஃப்ளோ கண்ட்ரோல் (நெரிசலில் மறுமுனையை நிறுத்தச் சொல்வது) போன்றவற்றைத்தான் பேசுகிறது, வேகத்தை அல்ல. அதை ஒரு முனையில் இயக்கி, மறுமுனையில் அணைத்துவிட்டால் ஒரு விசித்திரமான காட்சி தோன்றும்: அணைத்த பக்கம் லிங்க் வந்துவிட்டதாகக் காட்டும், இயக்கிய பக்கம் லிங்க் இல்லை என்று காட்டும். ஒரு பக்கம் மட்டும் பச்சை விளக்கு எரியும் 1ஜி லிங்க்கைக் கண்டால் முதலில் இந்த அமைப்பைப் பாருங்கள். 10ஜி ஒளியிழையில் இந்தப் பேச்சே கிடையாது என்பதால் அங்கே இந்தச் சிக்கலும் இல்லை.

25ஜியில் வேகத்துக்கு இணையாக இன்னொன்றும் பொருந்த வேண்டும்: எஃப்இசி எனப்படும் பிழைதிருத்த முறை. வழியில் சிதைந்த பிட்டுகளைப் பெறும் முனையிலேயே சரிசெய்வதற்காக, அனுப்பும்போதே கூடுதல் தகவலைச் சேர்க்கும் முறை இது. 2016இல் வந்த 25ஜி தரத்தில் ஆர்எஸ்-எஃப்இசி, பேஸ்-ஆர் எஃப்இசி என்று இரண்டு வகைகள் இருக்கின்றன; எதுவும் இல்லாமல் ஓட்டவும் சில கேபிள்களுக்கு அனுமதி உண்டு. 25ஜிபேஸ்-எஸ்ஆர் மாட்யூலுக்கு ஆர்எஸ்-எஃப்இசி கட்டாயம். இரு முனைகளிலும் 25ஜி என்று எழுதியிருந்தும் லிங்க் வராமல் இருப்பதற்கு, ஒரு முனையில் ஆர்எஸ் இயங்க மறுமுனையில் அது அணைந்திருப்பது அடிக்கடி காணப்படும் காரணம். ஸ்விட்ச் ஒரு நிறுவனத்துடையது, சர்வரின் நெட்வொர்க் கார்டு வேறு நிறுவனத்துடையது என்றால் இரண்டின் இயல்பு அமைப்புகள் மாறுபட வாய்ப்பு அதிகம்; ஆகவே எஃப்இசியையும் இரு பக்கமும் கையால் எழுதிவிடுங்கள். 100ஜியிலும் இதே கவனம் வேண்டும்: 100ஜிபேஸ்-எஸ்ஆர்4 மாட்யூலுக்கு ஆர்எஸ்-எஃப்இசி தேவை, 100ஜிபேஸ்-எல்ஆர்4 மாட்யூலுக்கு அது தேவையில்லை.

இரு முனைகளிலும் மாட்யூல் தலை பொருத்தியே வரும் டிஏசி எனப்படும் செம்பு கேபிள்கள் ரேக்குக்குள் குறுகிய தூரத்துக்கு மலிவானவை, மின்சாரமும் குறைவாகவே எடுப்பவை. 10ஜி டிஏசியில் வேகப் பேச்சு இல்லை. 25ஜி, 100ஜி டிஏசிகளில் வேகத்தையும் எஃப்இசியையும் பேசி முடிவு செய்யும் ஏற்பாடு தரத்திலேயே இருக்கிறது. அதை இரு முனைகளிலும் இயக்குங்கள், அல்லது இரு முனைகளிலும் அணைத்துவிட்டு எல்லாவற்றையும் கையால் எழுதுங்கள். ஒரு முனையில் ஒன்றும் மறுமுனையில் மற்றொன்றும் என்று விட்டுவைக்க வேண்டாம்.

ஆர்ஜே45 தலையுள்ள செம்பு மாட்யூல்கள்

எஸ்எஃப்பி போர்ட்டில் சாதாரண லேன் கேபிளைச் செருக உதவும் இந்த மாட்யூல்களைத் தனியே நடத்த வேண்டும், ஏனென்றால் இவற்றில் இரண்டு வேகங்கள் இருக்கின்றன: கேபிள் பக்கத்து வேகம் ஒன்று, ஸ்விட்ச் பக்கத்து வேகம் மற்றொன்று. 1ஜி செம்பு மாட்யூல் 10, 100, 1000 மெகாபிட் மூன்றிலும் ஓடும் என்று விளம்பரத்தில் இருக்கலாம். ஆனால் மாட்யூலும் ஸ்விட்ச் போர்ட்டும் எஸ்ஜிஎம்ஐஐ என்ற இணைப்பு முறையில் பேசினால்தான் அது நடக்கும். போர்ட் 1000பேஸ்-எக்ஸ் முறையில் மட்டுமே பேசுமானால் 1000 மெகாபிட் தவிர வேறு எதுவும் கிடைக்காது. 100 மெகாபிட்டில் மட்டும் ஓடும் பழைய கேமராவையோ அச்சுப்பொறியையோ இப்படி இணைக்க நினைப்பவர்கள் இதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

10ஜி செம்பு மாட்யூல்களில் பல, ஸ்விட்ச் பக்கம் 10ஜியிலேயே நின்றுகொண்டு, கேபிள் பக்கம் மட்டும் 1ஜிக்கோ 2.5ஜிக்கோ 5ஜிக்கோ இறங்கி, இடையில் உள்ள வேறுபாட்டைத் தங்கள் சொந்தப் பஃபரால் சமாளிக்கின்றன. அப்போது ஸ்விட்ச்சின் திரை 10ஜி என்று காட்டும், கணினியின் திரை 2.5ஜி என்று காட்டும், இரண்டுமே உண்மைதான். இவற்றை வாங்கும்போது சூட்டையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒளி எஸ்எஃப்பி+ மாட்யூல் பொதுவாக ஒரு வாட் அளவில் எடுக்கும் இடத்தில் இவை 2.5 வாட் வரை எடுக்கக்கூடும். எட்டும் தூரமும் பெரும்பாலான மாட்யூல்களில் 30 மீட்டர்தான். அடுத்தடுத்த போர்ட்டுகளில் இவற்றை நிரப்ப வேண்டாம் என்று சில ஸ்விட்ச் தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கையை மதியுங்கள்.

நான்கு தடப் போர்ட்டுகள்

கியூஎஸ்எஃப்பி28 போர்ட் பெரும்பாலும் 100ஜி, 40ஜி இரண்டிலும் ஓடும். இதில் தடங்களைப் பிரித்துப் பயன்படுத்தும் பிரேக்அவுட் வசதியும் உண்டு: ஒரு 100ஜி போர்ட்டை நான்கு 25ஜியாகவோ நான்கு 10ஜியாகவோ பிரித்து நான்கு சர்வர்களுக்குக் கொடுக்கலாம். கேபிளை மாற்றுவதோடு ஸ்விட்ச்சிலும் அந்தப் போர்ட்டைப் பிரிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். சில மாடல்களில் இப்படிப் பிரித்தால் பக்கத்துப் போர்ட் ஒன்று முடங்கிவிடும் என்பதையும் டேட்டாஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா 100ஜி மாட்யூலையும் பிரிக்க முடியாது. எஸ்ஆர்4 நான்கு தடங்களையும் தனித்தனி இழைகளில் அனுப்புகிறது, அதனால் பிரிக்கலாம். எல்ஆர்4 நான்கு தடங்களையும் நான்கு அலைநீளங்களாக்கி மாட்யூலுக்குள்ளேயே ஒரே இழையில் கலந்து அனுப்புகிறது, அதனால் வெளியே பிரிக்க வழியில்லை. மேலும், 100ஜி என்ற ஒரே எண்ணைத் தாங்கிய மாட்யூல்களுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசாதவை பல இருக்கின்றன. எல்ஆர்4, சிடபிள்யூடிஎம்4 இரண்டும் நான்கு அலைநீளங்களைக் கலப்பவை, ஆனால் அலைநீளங்கள் வேறு. எல்ஆர்1 ஒரே அலைநீளத்தில் நான்கு ஒளிநிலைகளைக் கொண்ட பாம்4 முறையில் 100ஜி முழுவதையும் அனுப்புகிறது. மூன்றிலும் ஒரே எல்சி கனெக்டர், ஒரே சிங்கிள் மோட் இழை. ஆகவே 100ஜிக்கு ஆர்டர் கொடுக்கும்போது வேகத்தை மட்டும் எழுதாமல் முழுத் தரப் பெயரையும் எழுதுங்கள்.

அதற்கும் மேலே, கியூஎஸ்எஃப்பி-டிடி என்ற 400ஜி போர்ட் எட்டுத் தடங்கள் கொண்டது; கியூஎஸ்எஃப்பி28 மாட்யூலையும் தன்னுள் ஏற்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதே 400ஜி தரும் ஓஎஸ்எஃப்பி போர்ட் அளவிலேயே வேறானது. கியூஎஸ்எஃப்பி மாட்யூலைச் செருக அடாப்டர் வேண்டும்.

லிங்க் வராவிட்டால் எந்த வரிசையில் தேடுவது

ஒளி அளவிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஒரு எச்சரிக்கை: இந்த லேசர்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாது, ஆகவே வெளிச்சம் வருகிறதா என்று இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. மாட்யூலே தான் பெறும் ஒளியை அளந்து டிபிஎம் என்ற ஒளித்திறன் அலகில் சொல்லும்; எண் எவ்வளவு கீழே போகிறதோ ஒளி அவ்வளவு குறைவு. 10ஜிபேஸ்-எஸ்ஆருக்குப் பெறும் ஒளி -9.9 டிபிஎம்முக்குக் குறையக் கூடாது, 10ஜிபேஸ்-எல்ஆர் -14.4 வரை தாங்கும். திரையில் -30, -40 போன்ற எண்ணோ ஒளியே இல்லை என்ற செய்தியோ வந்தால் இது வேகப் பிரச்சினை அல்ல; அனுப்பும் இழையும் பெறும் இழையும் இடம் மாறியிருக்கும், கனெக்டரில் அழுக்கு இருக்கும், அல்லது மறுமுனைப் போர்ட் அணைந்திருக்கும். இழைகளை இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். கனெக்டரைத் துடைக்கும் கருவியால் துடைத்துவிட்டு மறுபடி அளவெடுங்கள்.

ஒளி நல்ல அளவில் வந்தும் லிங்க் வரவில்லை என்றால் வேகத்தின் பக்கம் திரும்புங்கள். இரு முனைகளிலும் போர்ட் எந்த வேகத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும், ஈப்ராமில் மாட்யூல் என்ன சொல்கிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு எண்களில் ஒன்று மாறியிருந்தாலும் காரணம் அங்கே இருக்கிறது. நான்கும் ஒன்றாக இருந்தால் 1ஜிக்கு ஆட்டோ நெகோஷியேஷனையும், 25ஜிக்கும் 100ஜிக்கும் எஃப்இசியையும், எல்லாவற்றுக்கும் ஸ்விட்ச்சின் லாகில் மாட்யூல் மறுக்கப்பட்ட செய்தி உள்ளதா என்பதையும் பாருங்கள்.

சந்தேகம் ஒரு குறிப்பிட்ட மாட்யூலின் மேல் வந்தால், மாட்யூல்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பொழுதைக் கழிப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அதே ஸ்விட்ச்சில் ஒரே வேகம் தாங்கும் இரண்டு போர்ட்டுகளில் ஒரே வகை மாட்யூல்கள் இரண்டைச் செருகி, குறுகிய பேட்ச் கார்டால் அவற்றை ஒன்றோடொன்று இணையுங்கள். ஸ்விட்ச் உற்பத்தியில் ஓடிக்கொண்டிருந்தால் ஃபிரேம்கள் சுற்றிச் சுற்றி வரும் லூப் ஏற்படாதபடி அந்த இரண்டு போர்ட்டுகளையும் மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனித்தனி விலேனில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்கில்) வைத்துவிட்டுச் செய்யுங்கள். 40 கிலோமீட்டர், 80 கிலோமீட்டர் போன்ற நெடுந்தூர மாட்யூல்களை ஒளி குறைப்பான் இல்லாமல் இப்படி இணைக்கக் கூடாது. அவற்றின் ஒளி மிகுதியால் பெறும் பகுதி பழுதாகிவிடும். இந்தச் சோதனையில் லிங்க் வந்துவிட்டால் போர்ட்டும் மாட்யூலும் வேகத்தில் ஒத்துப்போகின்றன என்பது உறுதியாகிவிடும். இனித் தேட வேண்டியது கேபிளிலும் மறுமுனையிலும்தான். வராவிட்டால் மறுமுனைக்கு ஆள் அனுப்ப வேண்டிய தேவையே இல்லை. டேட்டாஷீட்டின் போர்ட் வரியை மறுபடி எடுத்து, அந்த வேகம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.